படத்தில் நன்றாக இருந்த பாலம்

பாலங்களை ஏன் படமெடுக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். மனிதர்களை எடுக்கப் போனால் தலை வாரிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விடுகிறார்கள், பாலம் அப்படிப் போகாது என்பது ஒன்று. அந்தி வெளிச்சத்தில் இரும்பு நன்றாக இருக்கும் என்பது இன்னொன்று. எதுவும் பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் இது காரணம் இல்லையே என்று எனக்கே தோன்றிவிடும்.

தேயிலை மலைகளுக்கு நடுவே ஹட்டனில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை செய்கிறேன். புதன்கிழமை லீவு. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். புதன் மாலைகளில் என்னை எங்காவது ஒரு பாலத்தடியில் இறக்கிவிட்டு, ஆட்டோவுக்குள்ளேயே காலை மடக்கித் தூங்குவார். "எல்லாரும் பாலத்துல ஏறி அந்தப் பக்கம் போவாங்க. இவ மட்டும் தள்ளி நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்துருவா" என்று ஆட்டோ நிற்கும் இடத்தில் சொல்லிச் சிரிப்பாராம். கேள்விப்பட்டதும் கோபம் வந்தது. உண்மையாக இருந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தி எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. போனைப் பார்த்தால் சூரியன் மறைய ஆறேகால் ஆகும் என்கிறது. ஆற்றங்கரையில் நிற்பவளுக்கு அது நாலரைக்கே மலைக்குப் பின்னால் போய்விடும். பிறகு எதிர்மலை உச்சி மட்டும் ஒரு மணி நேரம் மஞ்சளாகக் கிடக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்தால் எங்கோ ஓர் இடுக்கு வழியாக வெளிச்சம் திரும்பவும் வரும். நோர்வூட்டில் ஒரு நாள் கெமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகுதான் ஆறு முழுக்கச் சிவந்தது. பையைத் திறப்பதற்குள் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடியது. நான் சீக்கிரம் வந்தேனா, பிந்தி வந்தேனா என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, நோர்வூட்டைத் தாண்டி பொகவந்தலாவைப் பாதையில் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தொங்கு பாலம். இரண்டு இரும்பு வடம், இடையில் மரப்பலகைகள், அவ்வளவுதான். இந்தக் கரையில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களும் தேயிலைக் கொழுந்து மலைகளும். அந்தக் கரையில் தொழிற்சாலையும், வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவும். நான் மூன்று கால் ஸ்டாண்டைக் கரையில் ஊன்றி, கெமராவை மாட்டி, வெளிச்சத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு பாலத்தில் ஏறினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நடுப்பாலத்துக்கு வந்ததும் நின்று, காலால் எதையோ தடவிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தது. வடம், பலகை, அவள் தோள், குழந்தையின் தலை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. நான் கத்தினேன்.

"அப்படியே நில்லுங்க! ஒரு நிமிஷம்!"

அவள் நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை. எட்டுப் பத்துப் படம் எடுத்திருப்பேன். வரலாம் என்று கையைக் காட்டினேன். அவள் ஒரு காலை நீட்டி எட்டி வைத்து, பிறகு மற்றக் காலை எடுத்து, மெதுவாக வந்து சேர்ந்தாள்.

"அளக்கவா மிஸ் வந்திருக்கீங்க?"

"இல்லைங்க. சும்மா படம் எடுக்க வந்தேன்."

"எடுங்க, எடுங்க. எல்லாத்தையும் எடுத்துக் காட்டுங்க. மத்தவங்களையும் கூப்பிடுறேன்."

சும்மா என்று நான் சொன்னதை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால் அவள் கணக்கு சரி. ஆட்டோ பிடித்து, மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தி ஓட்டைப் பாலத்தடிக்குச் சும்மா வருவாளா? அப்படிப்பட்ட ஸ்டாண்டோடு அங்கே வந்தவர்கள் எல்லாரும் அளக்க வந்தவர்கள். அளந்து, எழுதிக்கொண்டு போய், திரும்பி வராதவர்கள்.

பத்து நிமிடத்தில் லயமே கரைக்கு வந்துவிட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து, இற்றுப் பிரிந்திருந்த வடத்தைக் கையில் பிடித்து நின்றார். "இத எடுங்க மிஸ்." பலகை இல்லாத இடங்களை ஒவ்வொருவராகக் காட்டினார்கள். தோட்டத்து நிர்வாகத்தில் கேட்டால் பாலம் எங்களுடையது இல்லை என்கிறார்களாம், டவுனில் அரசாங்க அலுவலகத்தில் கேட்டால் தோட்டத்தில் கேளுங்கள் என்கிறார்களாம். நான் அதிகாரி இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது கையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். குடித்துக்கொண்டே எப்படி மறுப்பது? எல்லாவற்றையும் எடுத்தேன். வெளிச்சம் போய்விட்டிருந்தது, அதையும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், வடமும் பலகையும் இருட்டுக்குள் ஆடிப்போய், என்னவென்றே தெரியவில்லை. துலக்கமாக இருந்தது ஒன்றுதான். நடுப்பாலத்தில் குழந்தையோடு நிற்கும் அந்தப் பெண். நான் எடுத்ததிலேயே நல்ல படம். அதைப் பெரிதாக அச்சடித்துத் தலைவரிடம் கொடுத்தேன். பாலத்தைத் திருத்தித் தரக் கேட்கும் மனுவோடு சேர்த்துக் கொடுக்க ஒரு படம் கேட்டார்கள், நல்லதைக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மனுவைக் கொடுக்க டவுனில் இருக்கும் அந்த அரசாங்க அலுவலகத்துக்குத் தலைவரும் அந்தப் பெண்ணும் போனார்கள். படமெடுத்தவளும் வந்தால் நல்லது என்று என்னையும் அழைத்தார்கள். அதிகாரி மரியாதையான சிங்கள மனிதர். உட்காரச் சொன்னார். மனுவை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தை எடுத்தார்.

"ஹரி லஸ்ஸனை" என்றார். ரொம்ப அழகு. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். பிறகு தலைவரிடம், பாலம் உறுதியாகத்தானே தெரிகிறது, இவர் குழந்தையோடு நிம்மதியாக நிற்கிறாரே என்று சிங்களத்தில் கேட்டார். அந்தப் பெண் எழுந்துபோய்ப் படத்தில் விரலை வைத்தாள். "இந்தா, இந்த இடத்துல பலகை இல்லைங்க சேர்." அவள் விரல் வைத்த இடத்தில் நிழல்தான் இருந்தது. அதிகாரி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எங்களை அனுப்பும்போது, அலுவலகச் சுவரில் மாட்ட ஒரு பிரதி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. வந்த காரியம் கெட்டுப்போய் இரண்டு பேர் பக்கத்தில் வாடிப்போய் நிற்க, சுவரில் மாட்டப்போகிற என் படத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அங்க நிக்கையில காலு வெடவெடன்னு நடுங்குச்சு மிஸ். படத்துல அது விழுகல."

"பின்ன ஏன் நின்னீங்க?"

"நீங்கதானே நிக்கச் சொன்னீங்க."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை இந்தப் பாலத்தில் போய்வர வேண்டியிருக்கிறது. காலையில் பிள்ளையை விடப் போய்த் திரும்புவது, மாலையில் எடுக்கப் போய்த் திரும்புவது. அதில் இரண்டு தடவை இடுப்பில் பிள்ளை. நடுப்பாலத்தில் அவள் காலால் தடவிப் பார்த்ததை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தும் நில்லுங்கள் என்று கத்தியிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை, அழகில்லாத படம் எடுப்பதற்காகவே உச்சி வெயிலில் போனேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் என்னால் முடியவில்லை. உடைந்த பலகையை எடுக்கக் குனிந்தால், கீழே தண்ணீர் பளபளக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ள இரண்டடி தள்ளிப் போகிறேன். இற்ற வடத்தை எடுக்கப் போனால், பின்னால் கொழுந்து மலை கலங்கலாகத் தெரிந்தால் நல்லது என்று கை தானாக எதையோ திருப்புகிறது. எடுத்ததைத் தலைவரிடம் காட்டினேன். அவர் பண்பான மனிதர். "இதுவும் நல்லாத்தான் இருக்கு மிஸ்" என்றார். எனக்கு அழுகை வந்தது. இருபது வருடமாக ஆசைப்பட்டு வாங்கிய கெமரா, இப்போது அதை ஆற்றில் போட்டால் என்ன என்று இருந்தது.

அந்தப் பெண்தான் வழி கண்டாள். அன்று மாலை பிள்ளையோடு திரும்பி வருகையில், கண்ணாடி வெடித்த தன் போனை ஒரு கையில் கீழே பிடித்து, நடந்தபடியே ஒரு படம் எடுத்தாள். கரைக்கு வந்து காட்டினாள். கோணலாக இருந்தது, கொஞ்சம் கலங்கியும் இருந்தது. செருப்பில்லாத அவள் பாதம், அதற்கு முன்னால் ஒரு முழத்துக்குப் பலகை இல்லை, கீழே கல்லும் நுரையும், ஓரத்தில் தொங்கும் பிள்ளையின் கால். அவ்வளவுதான். தலைவர் அதை அப்போதே அதிகாரியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாங்கள் எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம். தலைவர் எனக்குப் போன் செய்து சொன்னபோது, பாமசியில் மருந்து வாங்க நின்றவர்களுக்கு முன்னாலேயே நான் கைதட்டினேன். அவர்கள் அளந்தார்கள். பிறகு இரண்டு முனையிலும் கொங்கிரீட் தூண் நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, மூன்று மொழியிலும் அறிவிப்புப் பலகை அடித்தார்கள். பாலம் ஆபத்தானது, பாவிக்க வேண்டாம். புதுப்பாலம் எப்போது என்று கேட்டதற்கு, மேலே எழுதியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

எட்டு மாதம் ஆகியும் மேலிருந்து எதுவும் வரவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்று தெரியவில்லை. என் மேல் தப்பு என்றும் தோன்றும், நான் என்ன செய்தேன் என்றும் தோன்றும். அதிகாரி செய்தது தப்பு என்று சொல்ல வாய் வரும், ஆபத்தான பாலத்தை மூடாமல் வேறு என்ன செய்வார் என்று அடுத்த நிமிடம் தோன்றும். வீட்டுக்காரரிடம் கேட்டேன். "போய்ப் பாத்தாத்தானே தெரியும்" என்றார். அவர் சொன்னதற்காகத்தான் போனேன். கெமராவையும் எடுத்துக்கொண்டுதான் போனேன், அது ஏன் என்று கேட்காதீர்கள்.

ஐந்து மணி இருக்கும். கம்பிக்கு முன்னால் அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று தாய்மாரும் நின்றார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். ரோட்டால் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் ஆகுமாம். பிள்ளைக் காம்பராவை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்களாம். பிந்திப் போனால் பிள்ளை வாசல்படியில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருக்குமாம். "மொத ரெண்டு வாரம் சுத்தித்தான் போனோம் மிஸ்" என்றாள். அதற்குப் பிறகு கம்பிக்குக் கீழே குனிந்து போகத் தொடங்கிவிட்டார்கள். கம்பிபட்டுக் கிழிந்த முதுகுச் சட்டைகள் நாலிலும் தையல் இருந்தது.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாகிவிட்டது.

"மிஸ், ஒரு ஒதவி. அந்த மொதப் படம் இருக்குல்ல, நீங்க எடுத்தது? அதக் கொண்டுபோயி அந்த ஐயாகிட்ட திரும்பவும் காட்டுங்க. பாலம் நல்லாத்தான் இருக்கு, கம்பிய எடுக்கச் சொல்லுங்க."

"அது பொய்யாச்சேங்க."

"பொய்யா? நீங்க எடுத்த படந்தானே?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள். மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு நேரமாகிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி, யோசிச்சுச் சொல்லுங்க. இப்ப இந்தக் கம்பியக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க மிஸ். வரும்போது கையில புள்ள இருக்கும், அப்பவும் பிடிக்கணும்."

கெமராவைக் கழட்டிப் புல்லில் வைத்துவிட்டு, கீழ்க்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். முதல் பலகையில் அவள் கால் வைத்ததும் வடம் முனகியது. போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அடுத்தவள் குனிந்துவிட்டாள். அவள் முதுகில் படாமல் இருக்க, கம்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.