தூங்கி வரும் வண்டிக்காரனுக்கு ஒரு ரோடு

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி உறவினர்கள் கேட்டார்கள். "தெய்வப் பிறவி என்று எழுதிவிடு, போதும்" என்று ஒருவர் யோசனையும் சொன்னார். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் தெய்வமில்லை. தெய்வமாக இருந்திருந்தால் என் வீட்டுக்காரரின் கால் இன்று மடங்கும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கும்பிடுவதா வேண்டாமா என்று படித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது சேத்தூரில். எங்கள் அய்யா பாரவண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள். ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி ஏற்றினால் இரவெல்லாம் வண்டி போகும். அம்மா களை எடுத்தும் கதிர் அறுத்தும் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருமானத்தில் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் உறவினர் வீட்டில் தங்கிப் படித்ததே பெரிய காரியம். துவைத்த சட்டை காய்கிறவரை வெறும் துண்டோடு உட்கார்ந்து பாடம் படிப்பார்களாம். படிப்பு முடிந்ததும் ரோடு வேலையில் மேஸ்திரியாகச் சேர்ந்து, பிறகு ஓவர்சியர் ஆனார்கள். அய்யாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, அண்ணன்தான் என்னை வளர்த்துக் கூமாப்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்ட மதினி முதல் பிரசவத்திலேயே பிள்ளையோடு போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு அண்ணனுக்குப் பெண் பார்க்க எவ்வளவோ முயன்றோம். "எனக்குத்தான் ரோடு இருக்கே" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள்.

உண்மையிலேயே ரோட்டோடுதான் குடும்பம் நடத்தினார்கள். மற்ற ஓவர்சியர்கள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அண்ணன் அவர்களோ ஏதாவது ஒரு பாரவண்டியின் பின்பக்கம் ஏறி, காலைத் தொங்கப் போட்டு, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்து வருவார்கள். "முன்னால பாத்தா ரோடுதான் தெரியும். பின்னால பாத்தாத்தான் சக்கரம் ரோட்ட என்ன செய்யுதுன்னு தெரியும்" என்பார்கள். முதுகு காட்டி ஊருக்குள் வருகிற ஓவர்சியர் என்று பிள்ளைகள் கேலி செய்யும். அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

அப்படிப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பாழாய்ப்போன கல். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. முன்னால் போன வண்டியின் தடத்திலேதான் பின்னால் வருகிற மாடும் போகும். எல்லா வண்டியும் ஒரே தடத்தில் போனால் சரளை அரைபட்டு இரண்டு பள்ளம் விழும். ஐப்பசி மழையில் அந்தப் பள்ளம் வாய்க்காலாகிவிடும். அதைத் தடுக்க அண்ணன் தடத்தின் மேலேயே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேங்காய்ப் பருமனுள்ள கற்களை வைத்தார்கள். கல்லைக் கண்டால் வண்டிக்காரன் மாட்டை ஒதுக்கிப் புதுத் தடத்தில் போவான். சில நாள் கழித்துக் கற்களை இடம் மாற்றி வைப்பார்கள். ரோடு முழுவதும் சமமாகத் தேயும், பள்ளம் விழாது. அந்த வருஷம் கூமாப்பட்டி ரோடு பாய் விரித்தாற்போலக் கிடந்தது. நானே பார்த்துப் பூரித்துப் போனேன்.

கல்லைக் கண்டால் ஒதுங்கலாம். கண்ணை மூடியிருப்பவன் எப்படிக் காண்பான்?

என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் பருத்தியைப் போட்டுவிட்டுப் புண்ணாக்கு மூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தார். விடிகிற நேரம். மூட்டை மேல் படுத்தவர் கண்ணயர்ந்துவிட்டார். சக்கரம் கல்லில் ஏறியது, வண்டி சாய்ந்தது, அவர் கீழே விழுந்தார். மிரண்ட மாடு இழுத்த இழுப்பில் சக்கரம் முழங்காலில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அண்ணன் ஓடிவந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்த மனிதர், கட்டிலருகே நின்று சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஏன் மாப்பிள்ளை, தூங்கிக்கிட்டா வண்டி ஓட்டுவாக?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஊரே மதிக்கிற அண்ணன் என்று பார்க்கவில்லை. "நம்ம அய்யா தூங்காமலா ஓட்டுனாக? வீட்டு வாசல்ல மாடு வந்து நின்ன பொறவுதான் அவிய கண்ணு முழிப்பாக. அந்த வண்டி ஓட்டித்தான் ஒங்களப் படிக்க வச்சாக. வண்டிக்காரன் தூங்குவான்னு ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கல்ல வச்சீகளா?" என்று கேட்டேன்.

அண்ணன் திரும்பி வெளியே போனார்கள். அன்றே ஆட்களோடு போய் ரோட்டில் இருந்த அத்தனை கற்களையும் பொறுக்கி எடுத்தார்கள். மறுநாள் வந்து, "கல்லு ஒண்ணு இல்ல மாப்பிள்ளை, எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்றார்கள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "கல்ல எடுத்தா குழி விழும். அதுல இன்னொருத்தன் காலு போகும். ஒண்ணு சொல்லுதேன் மச்சான். அந்த ரோட்டுல நான் வண்டில படுத்துத் தூங்கிக்கிட்டே ஊரு போய்ச் சேரணும். அன்னைக்கு எங்க வீட்டுப் படி ஏறுங்க. அதுவரைக்கும் வராதீக."

கால் தப்பியது. முழங்கால் மட்டும் அதன் பிறகு மடங்கவே இல்லை.

அப்போது எங்கள் மகளுக்குக் காது குத்தும் வயது. காது குத்துவதென்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எங்கள் பிள்ளைக்கு இருப்பது ஒரே தாய்மாமன். அந்த மாமனுக்கோ பிள்ளையே இல்லை. "ஒன் பெரியப்பா மகன் இருக்காருல்லா, அவர் மடியில உக்கார வச்சுக் குத்திருவோம்" என்றார் வீட்டுக்காரர். "கூடப்பிறந்தவுக உயிரோட இருக்கையில இன்னொருத்தர் மடியா? பிள்ளை காது மூளியாவே இருக்கட்டும்" என்றேன். இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். நான் மூன்றாவது. தை வந்தது, போனது. மறு தையும் வந்தது, போனது. கல்யாண வீடுகளில் பிள்ளையின் காதைப் பார்த்துக் கேட்காதவர்கள் இல்லை.

அண்ணன் அதற்குள் சும்மா இருக்கவில்லை. மறுபடியும் வண்டிகளின் பின்னால் ஏறிக்கொண்டார்கள். இந்த முறை ரோட்டை மட்டும் பார்க்கவில்லை, ஒவ்வொரு வண்டிக்காரரிடமும், "உமக்கு எந்த எடத்துல தூக்கம் வரும்?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், வண்டிக்காரர்கள் நடுங்கிவிட்டார்கள். அபராதம் போடத்தான் ஓவர்சியர் ஆள் பிடிக்கிறார் என்று பேச்சு. "தூக்கமா? எங்க பரம்பரையிலேயே கிடையாது சாமி" என்று ஒருவர் சத்தியம் செய்தாராம். சத்தியம் செய்து முடித்த செத்த நேரத்தில் குறட்டை விட்டாராம். இதை அண்ணன் பல வருஷம் கழித்துச் சொன்னபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பயம் தெளிந்த பிறகு ஒவ்வொருவராக உண்மையைச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒரே இடங்கள்தான். ஏற்றத்தில் யாரும் தூங்குவதில்லை. கண்மாய்க் கரை ஏறி இறங்கியதும் மலைக்காற்று முகத்தில் அடிக்குமே, அங்கே கண் சொருகும். அதை அடுத்துத்தான் வளைவு. வளைவை ஒட்டித்தான் கைப்பிடிச் சுவர் இல்லாத வாய்க்கால் பாலம். தூக்கம் வருகிற இடமும் ஆபத்தான இடமும் அடுத்தடுத்து இருப்பதை அதுவரை யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அதை வைத்து அண்ணன் ஒரு திட்டம் போட்டார்கள். சரளை ரோட்டை ஒட்டி ஓரத்தில், வண்டிக்கென்று தனி மண் தடம். மண் குளம்புக்கு மெத்தென்று இருக்கும்; யாரும் ஓட்டாமலே மாடு அதில் இறங்கிவிடும். வண்டி இறங்கிவிட்டால் சரளையில் பள்ளமும் விழாது, கல்லும் தேவையில்லை. வளைவை அகலப்படுத்துவது, பாலத்துக்குச் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் அதில் இருந்தன. மேலதிகாரி நல்ல மனிதர். முழுவதும் கேட்டுவிட்டு, "தூங்குகிறவனுக்காகவா ரோடு போடச் சொல்கிறீர்?" என்று சிரித்தாராம். "ஆமாங்க, முழிச்சிருக்கிறவன் எந்த ரோட்டுலயும் போயிருவான்" என்றார்களாம் அண்ணன். அனுமதி கிடைத்தது.

வேலை நடந்து எங்கள் ஊர்ப் பக்கம் வந்தபோதுதான் சிக்கல். வளைவில் ரோட்டோரப் புறம்போக்கை ஒருவர் முள்வேலி போட்டுத் தம் தோட்டத்தோடு சேர்த்திருந்தார். யார் அந்தப் புண்ணியவான்? என் வீட்டுக்காரர்தான்.

நோட்டீஸ் அனுப்பி வேலியைப் பிடுங்க அண்ணனுக்கு அதிகாரம் இருந்தது. அனுப்பவில்லை. நேரில் வந்தார்கள். படி ஏறவில்லை, வெயிலில் தெருவிலேயே நின்றார்கள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, "ஏட்டி, மாப்பிள்ளைகிட்ட நீயே கேளு. என்னால கேக்க முடியல" என்றார்கள்.

உள்ளே போய்ச் சொன்னேன். "காலையும் எடுத்தாச்சு, இப்ப வேலியையும் கேக்காகளா?" என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணன் தனக்காக ஒண்ணும் கேக்கல. ஒங்களப் போலத் தூங்கி வாரவனுக்காகக் கேக்காக" என்றேன். கம்பை ஊன்றி எழுந்தார். அண்ணனைக் கடந்து வேலியடிக்குப் போனார். அண்ணன் பின்னாலேயே போனார்கள். நானும் போனேன்.

"எம்புட்டு வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு வண்டி போற அகலம் போதும் மாப்பிள்ளை."

"எதுத்தாப்ல ஒரு வண்டி வந்தா? அது காத்துலயா போகும்?" என்று சொல்லி, கம்பால் அவரே தோட்டத்துக்குள் இன்னும் தள்ளி ஒரு கோடு கிழித்தார். கிழித்துவிட்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார். மறுநாள் காலையில் அவரே உட்கார்ந்தபடி முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார், மடங்காத காலை நீட்டிப் போட்டுக்கொண்டு.

தடம் முடிந்த பிறகு ஒரு சந்தை நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாங்கள் புறப்பட்டோம். வீட்டுக்காரர், நான், மகள். அந்த ஊர் எல்லையிலேயே அண்ணன் காத்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, வண்டியின் பின்னால் ஏறி வழக்கம்போல உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டு வைக்கோலில் நீட்டிப் படுத்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாடுகள் தாமாகவே மண் தடத்தில் இறங்கின. கண்மாய்க் கரை, வளைவு, பாலம் எல்லாவற்றையும் வண்டி கடந்தது. வண்டி சாய்ந்த அந்த இடம் வந்தபோது அண்ணனின் முதுகு குலுங்குவதைப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் மாடு நின்றது. அண்ணன் இறங்கித் தெருவில் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை, ஊரு வந்தாச்சு. தூங்குனீகளா?" என்றார்கள்.

வீட்டுக்காரர் துண்டை எடுத்தார். "எங்கிட்டுத் தூங்க? நீங்க பின்னால உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டே வந்தா மனுசன் எப்படித் தூங்குவான்?"

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடக்கத் தொடங்கினார்கள்.

"எங்க போறீக? படி ஏறுங்க மச்சான். பிள்ளைக்குக் காது குத்த வேற யாரு மடி இருக்கு?"

அந்தத் தையில் மகள் தன் மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள். பிள்ளையைவிட மாமன்தான் அதிகம் அழுதார்கள்.

யுத்த காலத்தில் லாரியும், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸும் நடு ரோட்டில் ஓடின. வண்டிகள் ஓரத்தில் பத்திரமாகப் போயின. சுற்று வட்டாரத்தில் வேறு பல ரோடுகளுக்கும் அண்ணன் அதே போலத் தடம் போட்டுக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தால் சண்டைதான். சண்டை இல்லாத நாளில் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது. நெஞ்சுவலி வந்து படுத்த பிறகும், மழை பெய்தால், "பாலத்துக்கிட்ட மண்ணு கரைஞ்சிருக்கும், ஆளு போயாச்சான்னு பாரு" என்றுதான் கேட்பார்கள். ஒரு விடியற்காலையில் என் கையைப் பிடித்தபடி அடங்கிப் போனார்கள்.

அந்த நாட்களில் மனம் கோணாமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், செய்தி கேட்டு ராஜபாளையத்திலிருந்து ஓடிவந்து தெலுங்கிலும் தமிழிலுமாக என்னைத் தேற்றிய அண்ணனின் பழைய நண்பருக்கும், சுடுகாட்டுப் பாதையில் யாரும் சொல்லாமலே பள்ளத்துக்கெல்லாம் மண் போட்டு வைத்த ரோடு வேலைக்காரர்களுக்கும், சோறு பொங்கிப் போட்ட கூமாப்பட்டி மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் யாரென்று தெரியாது. பெண்கள் நாங்கள் ஊர்முனையோடு நின்றுவிட்டோம்; அடுத்து நடந்தது, போனவர்கள் வந்து சொன்னது. பாடை ரோட்டில் ஏறியபோது எதிரே ஒரு பாரவண்டி வந்தது. சாவு எதிரே வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பதுதான் வழக்கம். அந்த வண்டிக்காரரோ மூட்டை மேல் மல்லாந்து நல்ல தூக்கத்தில் இருந்தார். "ஏலே, எந்திரிலே! ஓவர்சியர் ஐயா போறாக, தெரியல?" என்று இளவட்டங்கள் அவரை எழுப்பப் பாய்ந்தார்கள். என் வீட்டுக்காரர் கம்பைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டார்.

"எழுப்பாதீகலே. தூங்கட்டும்."

மாடுகள் மண் தடத்தில் இறங்கி, பாடையை ஒட்டினாற்போல மெதுவாகப் போயின. அந்த மனிதர் புரண்டுகூடப் படுக்கவில்லை. இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேராது. அண்ணனுக்கு அன்று பெரிய மரியாதை செய்தவர் அவர்தான்.