வெள்ளிக் கையைத் திருப்பிக் கொடுத்த என் மகள்

என் மகளின் தலையில் கைவைத்து, "பாவம் பிள்ளை, உனக்காக மன்றாடுறம்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது. சாட்சி சொல்ல வந்தவள் இப்படித் தொடங்கலாமா என்று நினைப்பீர்கள். பொறுத்துக் கேளுங்கள். ஆண்டவர் என் கோபத்துக்குள்ளேதான் வந்தார்.

வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஒரே ஷெல் வீச்சில் என் கணவர் போனார். மகள் அனிற்றாவின் வலது கை முழங்கைக்குக் கீழே போனது. அப்போது அவள் சின்னப் பிள்ளை. அகதி முகாமிலிருந்து வெளியே விட்ட பிறகு குறிஞ்சிப்பிட்டியில் இருக்கும் என் மச்சாள், கணவரின் அக்கா, எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பாலர் பாடசாலை ஒன்றில் எனக்கு வேலையும் கிடைத்தது. மச்சாள் நல்லவள். அவள் போட்ட சோற்றைத்தான் தின்றோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஊரில் என் மகளுக்குப் பெயர் இல்லாமல் போனது. கடையில் "கையில்லாத பிள்ளை". கோயிலில் "வன்னியால வந்த அந்தப் பிள்ளை". பெற்றவர்கள் செய்த பாவமாக இருக்கும் என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றே சொன்னாள். நாக்கில் நற்கருணை கரைந்திருக்குமோ தெரியாது.

எங்கள் கோயில் திருநாளில் பவனி வரும் சுரூபத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட பெண்பிள்ளைகள் பூ எறிந்துகொண்டு போவார்கள். அனிற்றாவும் வளர்ந்த பிறகு ஒரு வருஷம் பெயர் கொடுத்தாள். இடது கையால் இஸ்திரிப்பெட்டி பிடித்துத் தன் சட்டையைத் தானே மினுக்கி வைத்தாள். பிள்ளைகளை வரிசைப்படுத்திய பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒரு கை தட்டுப் பிடிக்க, மற்றக் கை பூ எறிய வேணுமே மகள். நீ பின்னால நிண்டு செபமாலை சொல்லு."

சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அனிற்றா அழவில்லை. சட்டையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அம்மா, நான் ஆர்? கையில்லாததுதானே நான்? மிச்சம் ஒண்டும் இல்லைத்தானே?"

அதன் பிறகு அவளுக்குப் பேச்சுக் குறைந்தது. கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். அப்பாவோடு தானும் போயிருக்கலாம் என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து அவள் கிணற்றடிக்குப் போனாலும் நான் பின்னால் போனேன்.

மச்சாள் தனக்குத் தெரிந்த மருந்தைச் செய்தாள். தலவிலக் கோயிலில் இருக்கும் மாதாவின் தாய் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். வருத்தம் வந்த உறுப்பை வெள்ளித் தகட்டு உருவமாக வாங்கி அன்னம்மாளின் காலடியில் வைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். கண் வருத்தத்துக்குக் கண், கால் வருத்தத்துக்குக் கால். ஆவணித் திருநாளுக்கு எங்களைக் கூட்டிப்போனவள், அங்கே கடை போட்டிருந்த ஒரு சிங்கள அம்மாவிடம் வெள்ளிக் கை ஒன்று வாங்கி அனிற்றாவிடம் கொடுத்தாள். "இதை வைச்சு மன்றாடு பிள்ளை. கையைப் பாக்காத மாப்பிள்ளை ஒருத்தன் வருவான்."

கையைப் பார்க்காத மாப்பிள்ளை! அந்தச் சொல்லில் பிள்ளையின் முகம் செத்துப்போனது. எங்களோடு வரிசையில் பாதிவழி வந்தவள் திடீரென்று விலகிச் சனத்துக்குள் மறைந்துவிட்டாள்.

கோயிலைத் தாண்டினால் கடல். நான் கரைக்கு ஓடினேன். குளிக்கிற சனம், கூடாரங்கள், சமைக்கிற புகை. எங்கேயும் அவள் இல்லை. மணலில் நின்று வாய்விட்டுக் கத்தினேன். அதை ஜெபம் என்று சொல்லலாமோ தெரியாது.

"அன்னம்மா, நீயும் ஒரு பொம்பிளைப்பிள்ளையைப் பெத்தனிதானே. ஆண்டவரே, நான் கையைக் கேக்கேல்ல. அவள் ஆர் எண்டு நீரே அவளுக்குச் சொல்லும். நான் சொல்லிக் களைச்சுப் போனன். நீர் சொல்லாட்டி இனி என்ர வாயில உம்மட பேர் வராது."

பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

தேடித் தேடித் திரும்பி வந்தபோது, அவள் அந்தச் சிங்கள அம்மாவின் கடையில் நின்றாள். வெள்ளிக் கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழு ஆள் உருவம் ஒன்றை மாற்றி வாங்கியிருந்தாள். அந்த அம்மா உருவத்தைப் பிடித்துக்கொள்ள, என் மகள் கத்தரிக்கோலால் அதன் வலது கையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"துவ, ஏன் வெட்டுற? நல்ல சாமான்தானே" என்றார் அவர். மகள் என்பதைத் தன் மொழியில் சொன்னார்.

"ரெண்டு கையோட வைச்சா அது வேற ஆரோ, அம்மே. இது நான்."

பிறகு என்னைக் கண்டாள். "அம்மா, கையை மட்டும் கொண்டுபோய் வைக்க எனக்கு ஏலாது. அவர் என்னையெல்லோ படைச்சவர். வரிசையில நிக்கேக்க அதுதான் மனசில வந்தது. என்னை முழுசா வைக்கப்போறன்."

நான் மணலில் நின்று கத்துவதற்கு முன்பே அவளுக்குப் பதில் போயிருந்தது.

மச்சாளையும் கூட்டிக்கொண்டு மீண்டும் வரிசையில் நின்று அந்த உருவத்தை வைத்தோம். வெளியில் வந்ததும் மச்சாள் அனிற்றாவைப் பிடித்து நிறுத்தினாள். வெட்டின துண்டு எங்கே என்று கேட்டாள்.

"கடைக்கார அம்மாட்ட. உருக்கி ஆருக்கும் மூக்குச் செய்வா" என்றாள் அனிற்றா. மச்சாள் சிரித்தாள். பிறகு அழுதாள். மாப்பிள்ளைக் கதையை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

அடுத்த திருநாளில் அனிற்றா யாரையும் கேட்கவில்லை. குறைக் கையில் ஒரு ஓலைப்பெட்டியைக் கொழுவிக்கொண்டு, அதே வெள்ளைச் சட்டையில் வரிசையில் போய் நின்றாள். முதல் பிடிப் பூ, அவளை அன்று பின்னால் போகச் சொன்ன பெண்ணின் மேலேயே விழுந்தது. வேண்டுமென்று எறிந்தாளா என்று நான் கேட்கவில்லை. இப்போது ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறாள். கை எங்கே என்று அவர்கள் கேட்டால் சொல்கிறாள். கேட்ட பிறகு அவர்கள் விளையாடப் போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் அது முடிவதில்லை.

அந்தக் கடற்கரையை நினைத்தால் எனக்கு இன்னும் நடுக்கம் வரும். கோபமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரிந்துகொண்டேன். நீங்களும் போங்கள். அழகான வார்த்தை தேடி நிற்காதீர்கள். சண்டை பிடிக்கிற தாயையும் அவர் கேட்கிறார், நம்புங்கள்.

என் மகளுக்காக மன்றாட விரும்பினால் மன்றாடுங்கள். ஆனால் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். அவளுடைய பெயர் அனிற்றா.