குழிக்கு அளவெடுத்தவர்

இஞ்சு டேப்பைக் குழியின் விளிம்பில் பிடித்துக்கொண்டு தையற்காரர் காத்திருக்கிறார். கடையிலும் இப்படித்தான். வந்தவர் நெஞ்சை விடைத்துக்கொண்டு நிற்பார். "மூச்ச விட்டுடுங்க, அப்பறம் பாக்கலாம்" என்பார் இவர். ஆள் தளர்ந்த பிறகுதான் எண்ணைப் படிப்பார். குழி மூச்சு விடுவதில்லை. ஆனாலும் காத்திருக்கிறார்.

வீட்டின் பின்புறம் அந்தக் குழியை வெட்டியது அவர் மனைவி. கட்டடக்காரர்கள் புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டுகளையும் சிமென்ட் கட்டிகளையும் தோண்டி எடுத்துவிட்டு, நல்ல மண் நிரப்பிக் காய்கறி போட நினைத்தார். தோண்டி முடித்தார். மண் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விதைத்த தக்காளி நாற்றுகள் சன்னல் ஓரத்துக் கோப்பைகளில் வேர் முட்டி நிற்கின்றன. கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன.

எவ்வளவு மண் வேண்டும் என்று மண்காரர் போன் செய்யும்போதெல்லாம், "இன்னொரு தடவ அளந்துட்டு சொல்றேங்க" என்றே பதில் வரும். துணிக்கு விடுவதுபோல ஓரத்துக்கு ஒரு விரல் விடுவார். மறுநாள் அதைக் கழிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன டெய்லரே, குழிக்குக் கோட்டு தைக்கப் போறீங்களா?"

"தைச்சா பட்டன் நீங்க வாங்கித் தரணும்," என்றார் நிமிராமல்.

மகள் கட்டடப் பொறியாளர். அவளுக்கு இது ஒரு நிமிடக் கணக்கு. நீளம், அகலம், ஆழம்: மூன்று கன மீட்டர். உதிரி மண் தண்ணீர் பட்டால் அமுங்கும். அதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். மண்காரரின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, நாற்று இந்த வாரம் தாண்டாது என்று அப்பாவிடம் சொன்னாள்.

அவர் டேப்பைச் சுருட்டினார். அவிழ்த்தார். மறுபடி சுருட்டினார்.

"நிரப்பிட்டா, அவ வெட்டுனது எதுவுமே தெரியாதும்மா."

அவள் குழிக்குள் பார்த்தாள். பக்கச் சுவரெல்லாம் மண்வெட்டித் தடங்கள். அம்மா இடக்கைக்காரி, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. போனை எடுத்து, மூன்று போதும் என்றாள். அமுங்குமே, பத்தாதே என்றார் மண்காரர்.

"தெரியும்ண்ணே. மூணே போடுங்க."

மண் வந்தது. வாரிப் பரப்பியதும் விளிம்புவரை நின்றது. தையற்காரர் முகம் வாடிவிட்டது. உள்ளே போகத் திரும்பினார். மகள் ரப்பர் குழாயை அவர் கையில் திணித்தாள்.

"தண்ணி விடுங்கப்பா. இறங்கும்."

மண் கறுத்தது, குமிழிட்டது, மெல்ல அமர்ந்தது. ஓரத்தில் பழைய மஞ்சள் மண் ஒரு விரல் தெரிந்தது, இரண்டு விரல், மூன்று விரல். அதில் சாய்ந்த தடங்கள்.

குழாயை மகளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். ஒரு தடத்துக்குள் கட்டைவிரலை வைத்தார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, மறு கையை நாற்றுக்காகப் பின்னால் நீட்டினார்.