ஆற்றுக்குப் போன காசிமேட்டு இறால்

காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கிய இறாலைக் கூடையோடு தூக்கிக்கொண்டு, இறால் கிடைக்கிற எண்ணூர் ஆற்றுக்குள்ளேயே படகேறிப் போன அறிவாளி நான்தான். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். நானே செய்துவிட்டதால் ஏலக் கொட்டகையில், ஊர் முன்னால், கை கட்டி நின்றேன். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. என் புத்திசாலித்தனத்தால் என் மச்சானுக்கு மழைக்கால இறால் சீசன் மொத்தமும் பறிபோக இருந்தது.

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சர்வேயர். பெயரைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க வேண்டாம். உள்ளே வருகிற டப்பா எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது என்று பார்த்துப் போட்டோ பிடித்து அனுப்புவதுதான் வேலை. பத்துப் பன்னிரண்டு வருஷம் நசுங்கலையே படம் பிடித்தவனுக்குத் தானும் ஒரு போட்டோகிராபர் என்கிற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. சொந்தக்காரர் கல்யாணத்தில் நான் எடுத்த படங்களைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "பொண்ணு மாப்ளய எட்க்க சொன்னா, லாரி மோதிட்ட மாரி எட்துகினு வந்துகீற."

அவள் பிறந்த வீடு எண்ணூர் நெட்டுக்குப்பம். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், ஆற்றில் இறால் பிடிக்கிறவர். அவர் மனைவி அதைத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் கொண்டுபோய் விற்பார். ஆற்றில் கம்பெனி எண்ணெய் கலந்ததிலிருந்து, வாங்க வருகிறவர்கள் கூடையை மோந்து பார்ப்பார்களாம். "எண்ணூர் இறாலா? எண்ணெ வாட அடிக்குமே" என்று பேரத்தை அங்கே ஆரம்பிப்பார்களாம். அந்த அக்கா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவதைக் கேட்ட எனக்கு, நாமே அபார்ட்மென்ட்காரர்களுக்கு நேராக விற்றால் என்ன என்று தோன்றியது. நான் குடியிருக்கிற விம்கோ நகரில் ஒன்று, மணலி புதுநகரில் ஒன்று, இரண்டு அபார்ட்மென்டிலும் ஆள் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். இனி வேண்டியது இரண்டுதான். நல்ல படம். விற்கிற வித்தை. இரண்டும் எனக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்கத்தான் போனில் ஏஐ இருக்கிறதே.

"போட்டோகிராபி கத்துக்குடு" என்று முதல் ப்ராம்ப்டைப் போட்டேன். ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஒரு பட்டியல் வந்தது. படித்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அதற்கு என்னைத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும். மறுபடி எழுதினேன்: "நான் கன்டெய்னர் நசுங்கலைப் படம் எடுக்கிறவன். கையில் இருப்பது பழைய போன். எதிரே ஒரு தட்டு இறால், பக்கத்தில் ஒரு ஜன்னல். தினமும் அரை மணி நேரப் பயிற்சி ஒன்று கொடு. நான் எடுக்கிற படத்தைத் தயவு பார்க்காமல் திட்டு."

திட்டியது. மரியாதையாகத்தான் திட்டியது. "இந்தப் படத்தில் இறால் சேதமடைந்த சரக்கைப் போலத் தெரிகிறது. நேராக மேலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கீழே உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள்" என்றது. உட்கார்ந்தேன். படுத்தேன். சமையலறைத் தரையில் நான் குப்புறக் கிடப்பதைப் பார்த்துவிட்டு மனைவி தாண்டிப் போய்க் காபி போட்டாள். பத்தே நாளில் இறால் பளபளவென்று, உயிரோடு இருப்பது போல வந்தது.

அடுத்தது மார்க்கெட்டிங். "வாங்குகிறவருக்கு என்ன பயம் என்று முதலில் கேட்டு வாருங்கள்" என்றது. கேட்டேன். எங்கிருந்து வருகிறதோ, என்றைக்குப் பிடித்ததோ, அதுதான் எல்லோருக்கும் பயம். அதற்கு வந்த பதில்: "யார் பிடிக்கிறார், எங்கே பிடிக்கிறார் என்று காட்டுங்கள். உண்மையாக நடப்பதை மட்டும் காட்டுங்கள்." இரண்டாவது வாக்கியத்தை என் கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விட்டது.

குரூப்பில், "வியாழன் மாலை, ஆற்றிலிருந்து நேரடியாக முதல் படம்!" என்று அறிவித்தேன். மச்சானிடம் கேட்காமலே அறிவித்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

இறால் நன்றாக ஏறுகிற இடங்கள் ஆற்றில் கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு வராத நாளில் ஒருவன் அங்கே வலையை இறக்கினால் அந்த சீசன் முழுக்க அவனுக்குப் பாடு கிடையாது. கல்யாணமான வருஷமே மச்சான் எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் தட்டில் இருந்த நண்டில் கவனமாக இருந்தேன்.

வியாழன் காலை போன் போட்டேன்.

"மாப்ள, நம்ம பாடு திங்கக்கெயம தான்" என்றார். "அதுவரிக்கும் இறாலும் கெடியாது, இன்னாவும் கெடியாது."

"இறால நா பாத்துக்கறேன் மச்சான். சும்மா படகுல வந்து நில்லுங்க, போதும்."

உடனே காசிமேட்டுக்கு ஓடினேன். நல்ல வெள்ளை இறாலாகப் பார்த்து வாங்கி, வீட்டு ஜன்னல் ஓரம் வைத்து, பயிற்சிக்கு ஐந்தாறு படம் எடுத்து, ஐஸ் போட்டு மூடி, சாயங்காலம் கூடையோடு படகில் ஏறினேன். மச்சான் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தங்கை புருஷன் என்பதால் துடுப்பை எடுத்துக்கொண்டார்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பவர் ஹவுஸ் புகைபோக்கி இரண்டுக்கும் நடுவே சூரியன் வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. படகை அங்கே தள்ளச் சொன்னேன்.

"இங்க வாணாம் மாப்ள. இன்னிக்கி இது வேற ஆளு பாடு."

"வல போட வேணாம் மச்சான். வீசற மாரி ஒரே ஒரு தபா. படத்துக்குத்தான்."

"வல தண்ணில உயும்யா."

"உயுந்தா இன்னா? உடனே தூக்கிடுங்க."

அவர் கரையை ஒருமுறை பார்த்தார். யாரும் இல்லை. வீச்சு வலையை எடுத்துத் தோளில் மடித்து, சுழன்று வீசினார். வெயிலில் வலை குடையாக விரிந்தது. என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த முதல் நல்ல படம் அது. வலையில் வந்தது கொஞ்சம் பாசியும் ஒரு பிளாஸ்டிக் பையும். அதை யார் படம் எடுப்பார்கள்? காசிமேட்டு இறாலைத்தான் கொட்டிப் பரப்பி எடுத்தேன். கீழே எழுதினேன்: "இன்று மாலை, எங்கள் ஆற்றில், எங்கள் வலையில்." ஒரு மணி நேரத்துக்குள் ஏழு ஆர்டர்.

வெள்ளிக்கிழமை யார்டில் இருந்தபோது மனைவி கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை.

"இன்னா பண்ணி வெச்ச? எங்கண்ணன ஊர்ல கூப்ட்டுக்கீறாங்க."

படம் விம்கோ நகரிலிருந்து கை மாறி, கை மாறி நெட்டுக்குப்பத்துக்கே திரும்பியிருக்கிறது. வியாழக்கிழமை அந்த இடத்துப் பாடு யாருடையதோ, அவர் அன்று காய்ச்சலில் கிடந்த மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். திரும்பி வந்து தாமதமாக வலை போட்டதில் ஏறியது ஒரு கைப்பிடி. மறுநாள் யாரோ போனை நீட்டுகிறார்கள். அவருடைய இடம், அவருடைய நாள், என் மச்சான் கையில் வலை, அடுத்த படத்தில் கூடை வழிய இறால். அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஞாயிறு காலை கூட்டம். மழை முடிகிற இந்த இரண்டு மாதம்தான் மச்சான் வீட்டுக்கு வருஷம். பாடு போனால் அவர் வேறொருவர் படகில் கூலியாக ஏற வேண்டும், அதுவும் திருட்டுப் பட்டத்தோடு.

சனிக்கிழமை டீ நேரத்தில் ஒரு டப்பாவின் நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அதற்குள் நான் ப்ராம்ப்ட் எழுதுவதில் கை தேர்ந்திருந்தேன் இல்லையா? "நீ ஒரு பெரிய கிரிமினல் வக்கீல். என் மச்சான் குற்றவாளி இல்லை என்று ஊர் மயங்குகிற மாதிரி ஒரு பேச்சு எழுது" என்றேன். அது இரண்டே கேள்வி கேட்டது. வலை தண்ணீரில் விழுந்ததா? படத்திலுள்ள இறால் எங்கிருந்து வந்தது?

ஆறறிவு உள்ள ஒருத்தன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். உண்மையைத் தட்டினேன்.

"அப்படியானால் பேச்சு வேண்டாம். நடந்ததை நீங்களே மூன்று நான்கு வாக்கியத்தில் சொல்லுங்கள். இறால் முன்பே வாங்கியது என்பதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்."

அடையாளம். நான் சர்வேயர். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் ஒட்டியிருக்கும் என்பது எனக்குச் சோறு போடுகிற விஷயம். வியாழன் காலை ஜன்னல் ஓரம் எடுத்த பயிற்சிப் படங்களைத் தேடினேன். இருந்தன. அதே இறால், அதே நீலக் கூடை, ஓரத்தில் எங்கள் வீட்டு காஸ் அடுப்பு. நேரம் காலை ஒன்பதரை.

இதைக் காட்டினால் மச்சான் திருடன் இல்லை. ஆனால் நான் பொய்யன். ஏழு ஆர்டரும், குரூப்பும், மாமியார் ஊரில் எனக்கிருந்த மரியாதையும் ஒன்றாகப் போகும். ஒரு டீயை முழுக்க ஆறவைத்து யோசித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிறு கொட்டகையில் மச்சான் ஓரமாக நின்றார். என்னைப் பார்க்கவில்லை. ஊர்ப் பெரியவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்: "வல போட்டியா, இல்லியா?"

"போட்டேன்" என்றார் மச்சான். ஒரே சொல். மாப்பிள்ளைக்காகத்தான் போட்டேன் என்று சொல்லவே இல்லை.

பாடு இழந்தவர் எழுந்துவிட்டார். "கேட்டுக்கினீங்களா? எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது, இவன் என் எடத்துல கூட கூடயா வாரிகினு போயிகீறான்!"

நான் முன்னால் போனேன். "ஐயா, அது ஆத்து இறால் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "காசிமேட்ல நா வாங்குனது. மச்சான் வாணாம்னுதான் சொன்னாரு. படத்துக்காக நாந்தான் வீசச் சொன்னேன். வலயில வந்தது பாசியும் ஒரு பையும்."

"எத்த வெச்சி நம்பறது?" என்றார் பெரியவர்.

போனை நீட்டினேன். பெரியவர் கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தார். அடுத்தவர் வாங்கினார். கொட்டகை முழுக்கச் சுற்றியது என் சமையலறை. நேரத்தை ஒருவர் சத்தமாகப் படித்தார். பாடு இழந்தவர்தான் கடைசி. ரொம்ப நேரம் பார்த்தார்.

பின்னால் இருந்து ஒரு பெண் குரல்: "அடப்பாவி, ஆத்துக்கே இறால் சப்ளயா?"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. பாடு இழந்தவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பெரியவர் கை தூக்கினார். வலை தண்ணீரில் விழுந்தது விழுந்ததுதான், அதனால் திங்கட்கிழமைப் பாட்டை மச்சான் பாடு இழந்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மீதி சீசன் மச்சானுக்கே. மச்சான் தலையை ஆட்டினார். அப்போதுதான் நான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்தப் போன்ல பொய்ய போட்டியோ, அதுலயே நெசத்தயும் போடு. இப்ப. இங்கயே. அப்பால தான் பாடு."

"எய்திக் குடுக்கற அந்தப் போனாண்ட கேக்காத" என்றார் மச்சான். "நீயே எய்து."

எழுதினேன். எத்தனை முறை அழித்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் நின்றது இதுதான்: "வணக்கம். வியாழன் அன்று போட்ட படத்தில் இருந்தது எங்கள் ஆற்று இறால் இல்லை. காசிமேட்டில் நான் வாங்கியது. பொய் என்னுடையது, என் மச்சான் மேல் தப்பில்லை. அவர் முறை வந்து, அவர் பிடித்த பிறகுதான் இறால் வரும். ஆர்டர் வேண்டாம் என்பவர்கள் சொல்லிவிடுங்கள்." பெரியவர் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். அனுப்பினேன்.

யாரும் கலையவில்லை. நீல டிக் விழுந்தது. மச்சான் என் தோளுக்கு மேலே எட்டி நின்றார். பாடு இழந்தவரும் வந்து நின்றுகொண்டார். மணலி புதுநகரில் முதல் ஆளாக ஆர்டர் கொடுத்திருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் டைப் செய்கிறார் என்று திரையில் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியெல்லாம் ஞாபகம் வந்தது.

டிங் என்றது. மச்சான், "படி" என்றார்.

"உரிச்சுத் தருவீங்களா?"