நைனா கரைமேல் நின்று துண்டு வீசியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போச்சு. நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அன்றைக்கு என்னோடு தண்ணீரில் நின்ற என் அண்ணன் இப்போது இல்லை. கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள வீட்டில் இனி ஆள் கிடையாது.

நான் இப்போது இருப்பது செஞ்சியில், மகள் வீட்டில். பிறந்தது செஞ்சிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டிப் பெரிய ஏரி. வடக்கே உயரமாகக் கரை போட்டிருக்கும். அதன் கீழே எங்கள் ஊர், மாதா கோயில், நைனாவின் நிலம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தெற்கே கரை கிடையாது. தரை மெல்ல மேடேறிப் போய் அம்மா பிறந்த ஊரில் முடியும். மழைக்காலம் வரும் வரைக்கும் ஏரிக்குள் சேறும் கோரையும் சம்புமாகக் கிடக்கும். நடுவில் ஒரு திட்டு, அதில் கருவேல மரங்கள். மாடு ஓட்டுகிறவர்கள் அந்தத் திட்டு வழியாகத்தான் குறுக்கே போவார்கள்.

அந்த வருஷம் அம்மா தெற்கே இருந்தாள், அண்ணனும் நானும் வடக்கே நைனாவோடு இருந்தோம். செஞ்சி கடைத்தெருவில், மளிகைக் கடை வாசலில், அத்தனை பேர் பார்க்க நைனா அம்மாவைக் கை நீட்டி அடித்துவிட்டார். என்ன பேச்சுக்காக என்று எனக்குத் தெரியாது. அம்மா அழவில்லை. வாங்கின புளியையும் மிளகாயையும் பையோடு அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாமா ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். நைனா பையோடு வீட்டுக்கு வந்தார். அந்தப் புளியில் அவரே குழம்பு வைத்தார். உப்பு போட மறந்திருந்தார். நாங்களும் சொல்லாமல் தின்றோம்.

எங்கள் சனத்தில் கல்யாணம் ஆனால் ஆனதுதான், அறுத்துக்கட்டுகிற வழக்கம் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியாகப் போனால், பிள்ளைகள் எந்த வீட்டில் வளர்வது என்பதைப் பெரியவர்கள் பங்குச் சாமியார் முன்னால் உட்கார்ந்து தீர்ப்பார்கள். ஊரில் செபம் நடத்துகிற உபதேசியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார்.

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பேசிடுவோம். பசங்களையே கேட்டுடலாம். யார்கிட்ட போறதுன்னு அதுங்களே சொல்லட்டும்.”

நைனா தலையாட்டினார். அன்றைக்கு இரண்டு தடவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

அண்ணன் ஒரு கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நாமே போய் அம்மாவைக் கூட்டி வந்துவிட்டால் யாரையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. டீக்கடை ரேடியோவில் புயல் என்று சொன்னார்கள், பள்ளிக்கூடம் லீவு. காலையில் நைனா நிலத்துக்குப் போனதும் நாங்கள் ஏரிக்குள் இறங்கினோம்.

“மழை வந்துட்டா இன்னாண்ணா பண்றது?”

“வந்தா வரட்டும். நீ இன்னா வெல்லமா, கரைஞ்சி பூடறதுக்கு?”

திட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கோட்டை மலை காணாமல் போயிற்று. எப்போது திரும்பினாலும் மேற்கே நிற்கிற மலை. அது இல்லாததைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது, காற்றைப் பார்த்து இல்லை. காற்று பிறகு வந்தது. கோரை மொத்தமும் தரையோடு படுத்துவிட்டது. கொக்குகள் கசக்கிப் போட்ட துணி மாதிரி வந்து மரத்தில் மோதின. மேற்கே இருந்து வருகிற ஓடை ஏரிக்குள் கொட்டியது. சேறாக இருந்ததெல்லாம் தண்ணீராகி, திட்டின் மேலேயும் ஏறியது.

அண்ணன் என்னைக் கருவேல மரத்தில் ஏற்றி, தன் கைலியை அவிழ்த்து மரத்தோடு சேர்த்துக் கட்டினான். உள்ளே போட்டிருந்த டவுசரோடு பக்கத்துக் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் முதுகிலும் முள். கீழ்க்கிளையில் வயல் எலிகள் வந்து ஒண்டிக்கொண்டன. அவை எங்களைச் சட்டை செய்யவில்லை. காற்று சற்று மூச்சு வாங்கும்போது அண்ணன் கத்தினான்:

“ஞாயித்துக்கெழம கேட்டா நீ யார்கிட்ட போவேன்னு சொல்லுவே?”

“நீ சொல்றதத்தான்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப நானும் சொல்ல மாட்டேன்.”

பல் கிட்டின வாயோடு அவன் சிரித்தான். “ரெண்டு பேரும் ஊமையா நிப்போம். உபதேசியாரு இன்னா பண்றாருன்னு பாப்போம்.”

பொழுது சாயும் முன்னே காற்று அடங்கியது. அப்போதுதான் இரண்டு பக்கமும் ஆட்கள் தெரிந்தார்கள். நாங்கள் இறங்கினதை மாடு ஓட்டுகிற யாரோ பார்த்து இரண்டு ஊரிலும் சொல்லியிருக்க வேண்டும். தெற்கே, தூரத்தில், தலை அவிழ்ந்துபோய் அம்மா. அவளோடு மாமாவும் சில பேரும். வடக்கே கரைமேல் எங்கள் ஊர்ச் சனம், எல்லாருக்கும் முன்னால் நைனா. துண்டை எடுத்து வீசிக்கொண்டிருந்தார். என்ன கத்துகிறார் என்று காதில் விழவில்லை.

நைனாதான் பக்கம். யோசிக்க ஒன்றும் இல்லை, அவரிடம் போவது என்றுதான் இறங்கினோம். அண்ணன் ஒரு கிளையை ஒடித்து முன்னால் ஊன்றிப் பார்த்துக்கொண்டு போனான், நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில். தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது. பிறகு அந்தக் கிளை உள்ளே போய்க்கொண்டே இருந்தது, தரை தட்டவில்லை.

“பள்ளம். இப்பிடி போவ முடியாது,” என்றான்.

திட்டுக்கே திரும்பி வந்து, அதைத் தாண்டித் தெற்கே இறங்கினோம். அந்தப் பக்கம் அவன் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறவே இல்லை. பாதி வழியில் நான் திரும்பிப் பார்த்தேன். நைனா அப்போதும் துண்டை வீசிக்கொண்டுதான் இருந்தார்.

அம்மா எங்களை வாரிக்கொண்டாள். மாமா வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாள்: “எங்கிட்டதான் வந்துச்சுங்க. பாத்தீங்க இல்ல? எங்கிட்டதான் வந்துச்சுங்க.”

“அது இல்லம்மா, அங்க…” என்று அண்ணன் வாயைத் திறந்தான். அம்மா அந்த வாயில் சுடுசோற்றை வைத்தாள். அவன் மென்று விழுங்கினான். அடுத்த கவளம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “இனிமே இன்னா கேக்கறது?” என்றார் உபதேசியார். “பெத்தவன் கூப்ட்டுக்கினே நிக்கிறான், பசங்க முதுகைக் காட்டிக்கினு போவுதுங்க. ஊரே பாத்துது.”

“அங்க ஆழம்…” என்று அண்ணன் எழுந்தான். மாமா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். “பெரியவங்க பேசறப்ப இன்னாடா உனக்கு.”

சாமியார் நைனாவைப் பார்த்தார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு, “பசங்க போன பக்கமே இருக்கட்டும்,” என்றார். அவ்வளவுதான். எங்கள் பக்கம் திரும்பாமல் எழுந்து போனார். கோபம் என்று நினைத்தேன். அம்மா கிடைத்த சந்தோஷத்தில் அந்தக் கோபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பிறகு செஞ்சி கடைத்தெருவில் எங்களைக் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். என் கல்யாணத்தில் கோயிலின் கடைசியில் நின்றார், சாப்பாட்டுக்கு இல்லை. நாங்களும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அடித்தவர், அதிலும் கோபக்காரர் என்று இருந்துவிட்டோம். அம்மா செத்துப்போனபோது தெருமுனை வரைக்கும் வந்து நின்றுவிட்டுத் திரும்பினாராம்.

நைனாவை அடக்கம் செய்த அன்று, பெரியப்பாவிடம் அண்ணன் பேச்சுவாக்கில் அந்தப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னான்.

“மதகுகிட்ட இருக்கற பள்ளமா? அது உங்க நைனா வெட்டனதுதாண்டா,” என்றார் பெரியப்பா. “கோடையில வண்டி வண்டியா வண்டல் வாரி நெலத்துக்கு அடிச்சான். எந்த எடத்துல எத்தினி ஆழம்னு கண்ணை மூடிக்கினு சொல்லுவான்.”

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பள்ளத்தைத் தெரிந்த மனுஷன் எங்களை அதற்குள் எதற்குக் கூப்பிடுவார்? அப்படியானால் அவர் அந்தப் பக்கம் போ, போ என்றுதானே வீசியிருக்க வேண்டும். நான்தான் போகச் சொன்னேன் என்று அவர் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. ஏன் சொல்லவில்லை என்பதை இத்தனை வயதிலும் எட்டிப் பார்க்கிறேன், ஒருநாள் புரிகிற மாதிரி இருக்கிறது, மறுநாள் இல்லை.

அண்ணன் சாகிற வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. “அந்த நேரத்துல பள்ளமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? பெத்தவன் வான்னுதான் கூப்பிடுவான். நம்பதான் போவல,” என்பான். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவான்.

அன்றைக்குக் கரைமேல் நின்றவர்கள் யாராவது இன்னும் இருந்தால், அல்லது பெற்றவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் இருந்தால், நான் எழுதினதில் மற்றதெல்லாம் தப்பாக இருந்தாலும் போகட்டும். அந்தத் துண்டு அவர் பக்கமாக வந்ததா, எங்களைத் தள்ளுகிற மாதிரி வெளியே போனதா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.