கல்லீரலில் தங்கிய ஒளி

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஏன் போனீர்கள் என்று கேட்பவர்கள் ஒரு மரணக் கதையை எதிர்பார்க்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த நோயால் யாரும் சாகவில்லை. மாத்தளையில் உயர்தரம் படிக்கும்போது இரசாயனம் பிடித்தது. பிடித்ததை நான் விடவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நான் செய்யும் வேலையை அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினேன். நம் உடம்பில் பிறபொருளெதிரி என்று ஒரு வகைப் புரதம் உண்டு. புற்றுநோய்க் கலத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்படி அதைத் தயாரிக்கலாம். அதன்மேல் சின்னச் சின்னக் கொக்கிகளை மாட்டி, அவற்றில் கதிரியக்க அணுக்களைப் பூட்டி ஊசியில் ஏற்றினால், கதிர் நேரே கட்டிக்குப் போகும். அம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

"அத வச்சே வேல செய்றியே, ஒனக்கு ஒன்னும் ஆகாதா?"

ஈயச் சுவருக்குப் பின்னால் நின்றுதான் செய்கிறோம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. எங்கள் மருந்து கட்டிக்குப் போனதைவிட அதிகமாகக் கல்லீரலுக்குப் போனது. எலிகளுக்குக் கொடுத்துப் படம் எடுத்தால் கல்லீரல்தான் பளிச்சென்று எரியும். புரதத்தை மாற்றிப் பார்த்தோம், அணுவை மாற்றிப் பார்த்தோம். படம் மாறவில்லை.

அந்த நிலையில்தான் அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காக ஊருக்கு வந்தேன். விசா புதுப்பிப்பது இழுத்துக்கொண்டே போக, மாதக்கணக்கில் மாத்தளையிலேயே தங்க வேண்டியதாயிற்று. டீசலுக்கு வரிசை, தினமும் மின்வெட்டு என்று நாடு தவித்த வருடம் அது. அண்ணன் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அவருடைய கடைக்கு மேல்மாடியில், கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, பழைய எலிப் படங்களை மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஆய்வுகூடத்துக்குப் போக முடியாதவளுக்கு வேறு வேலை இல்லை.

அண்ணனுக்கு நான் திரும்பிப் போவதில் விருப்பமில்லை. இங்கே ஏதாவது கெம்பஸில் படிப்பிக்கலாமே என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னார். இவ்வளவு காலம் பார்த்தும் சரிவராத வேலையை எதற்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் நான் மேல்மாடிக்குப் போய் மறுபடியும் படங்களைத் திறப்பேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு மருந்துத் தொகுதியின் படங்களும் அவற்றில் இருந்தன. கொக்கிகள் சரியாக ஏறாததால் அதைத் தோல்வி என்று ஒதுக்கியிருந்தோம். இப்போது பார்த்தால், கட்டி மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் கல்லீரல் அதைவிட மங்கல். கொக்கி கூடினால் கதிர் கூடும், கதிர் கூடினால் நல்லது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அளவுக்கு மீறி மாட்டியதால்தான் உடம்பு அந்தப் புரதத்தைக் குப்பையாக எண்ணிக் கல்லீரலுக்குத் தள்ளுகிறதோ? இது புது யோசனை இல்லை. வேறு மருந்துகளில் பிறர் கண்டதுதான். எங்கள் மருந்திடம் அந்தக் கேள்வியை நாங்கள் கேட்கவே இல்லை.

இதை எழுதி அனுப்புவதற்குள், எங்கள் குழுத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. திட்டத்தை மூடப் போகிறார்களாம். கடைசியாக ஒருமுறை எல்லோரும் தொலைபேசியில் பேசலாமாம்.

பேச வேண்டிய நாளில் கரண்ட் போய், சிக்னலும் போய்விட்டது. அண்ணன் தம்புள்ளைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, வேனில் ஏறச் சொன்னார். நாலந்தா தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. வேனை ஓரங்கட்டி, டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினையும் நிறுத்தினார். லொறிகள் உரசுவதுபோலக் கடந்துபோக, ஒரு காதைப் பொத்திக்கொண்டு நான் பேசினேன். அந்தப் பழைய படங்களை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள் என்றேன். கொக்கியைக் குறைத்து ஒரேயொரு தொகுதி செய்யாமல் மூடுவது நியாயமில்லை என்றேன். தலைவர் மறுத்தார். நான் முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். கடைசியில், சரி, ஒன்று மட்டும் என்றார்.

அழைப்பை வெட்டிவிட்டுத் திரும்பினால் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்ட போட்டியா தங்கச்சி?"

"இல்லண்ணே. கேட்டேன்."

"கேட்ட மாதிரி இல்லயே." சாவியைத் திருகினார். "விசா வந்ததும் போ. நான் இனி ஒன்னும் சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே இருந்தார். விசா கிடைத்ததும் போய், அந்தத் தொகுதியை என் கையாலேயே செய்தேன். படம் திரையில் வந்தபோது முதலில் கல்லீரலைத்தான் பார்த்தேன். ஒளி முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்திருந்தது. கட்டி தெளிவாகத் தெரிந்தது. தலைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு தொகுதி செய்யச் சொன்னார்.

திட்டம் மூடப்படவில்லை. இப்போது சில நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறோம். குணமாக்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. புரதம் இரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றுவதால் எலும்பு மஜ்ஜையில் வேண்டாத கதிர் படுகிறது. இந்த மாதம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.