அண்டாவில் ஊற்றிய கூழ்

அந்தப் பித்தளை அண்டாவை இப்போதும் ஆடி மாதம் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். புளி போட்டுத் துலக்கி, கழுத்தில் கதம்பம் சுற்றி, பந்தலுக்கு நட்டநடுவில். அதன் வயிற்றில் என் பழைய முதலாளியுடைய அப்பாவின் பெயர் முத்து முத்தாக வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் தெருவைப் பார்க்கிற மாதிரிதான் வைப்பார்கள். அதில் யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. கூழ் இப்போது வேனில், எவர்சில்வர் டிரம்மில் வருகிறது. அண்டா சும்மா அழகுக்கு. பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபது வயதில் இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது என்கிறாள் என் மனைவி. ஆகாதுதான், என்ன செய்ய?

இந்த வருஷம் கோயில் கமிட்டிப் பிள்ளைகள் விழா மலர் போடுகிறார்களாம். "அந்தக் காலத்துல கூழ் காய்ச்சின அம்மாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க பெரியவரே, கொஞ்சம் பக்தியா இருக்கட்டும்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன். பக்தியாக வருமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் எங்கள் எதிர்வீட்டு அத்தை. எனக்குச் சொந்தம் ஒன்றும் கிடையாது. தெருவுக்கே அவர் அத்தை. வீட்டுக்காரர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஆரணியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காத வீடு அது ஒன்றுதான். மற்றபடி நாங்கள் எல்லாம் குழித்தறியில் கால் வைத்துப் பிழைத்தவர்கள். பாவு நூலும் ஊடை நூலும் முதலாளி கொடுத்தால்தான் தறி ஓடும். "அடுத்த பாவு அப்பால பாக்கலாம்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வீட்டில் உலை ஏறாது. அதனால் எங்கள் தெருவில் முதலாளிக்கு எதிரில் வாய் திறந்து பேசுகிறவர் அத்தை ஒருவர்தான். எங்களுக்கெல்லாம் அவர் பேசுவதைக் கேட்க உள்ளூர சந்தோஷம். கேட்டுக்கொண்டு தறியில் குனிந்துகொள்வோம். அவ்வளவுதான் எங்கள் வீரம்.

ஆடி மூன்றாம் ஞாயிறு எங்கள் தெருவில் கூழ் ஊற்றுவது. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு அத்தை வீட்டு வாசலுக்கு வந்துவிட வேண்டும். அவர் ஒவ்வொரு மாவையும் உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். "வண்டு வுழுந்த மாவ இன்னாத்துக்கு எடுத்துக்கினு வந்த? உம் மாமியாருக்குக் களி கிண்டிப் போடு, ஆத்தாளுக்கு வேணாம்" என்று திருப்பி அனுப்பிய கதையெல்லாம் உண்டு. பிறகு எல்லார் வீட்டு மாவும் ஒன்றாகக் கரைந்து மண்பானைகளில் புளிக்கும். சனிக்கிழமை மாலை செங்கல் அடுப்பில் அண்டாவை ஏற்றி, அரிசி நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டுவார். வெந்ததா என்று கையை நனைத்துக்கொண்டு தொட்டுப் பார்ப்பார்; கையில் ஒட்டக்கூடாது. "கூழ் காய்ச்சறது கை வேல இல்லடா, மூக்கு வேல" என்பார். பச்சை வாசனை போய், புளிப்பு மட்டும் நிற்கிற அந்த ஒரு கணம் அவர் மூக்குக்குத்தான் தெரியும்.

இறக்கியவுடனே அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. சூடு ஆறுவதற்குள் அண்டாவிலிருந்து முழுவதையும் மொண்டு மண்பானைகளுக்கு மாற்றிவிட வேண்டும். புளித்த பண்டம் பித்தளையில் நிற்கக்கூடாது, களிம்பேறி விஷமாகிவிடும். ஞாயிறு காலை ஆற்றங்கரையில் கரகம் ஜோடித்துப் பெண்கள் பால்குடம் எடுத்து வந்தபின், அத்தை பானையிலேயே மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, கல்லுப்பைக் கரைத்து ஊற்றுவார். வீட்டு வீட்டுக்குச் சொம்பு நீளும். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் அவரவர் வீட்டிலிருந்து வரும். சாயம் போடுகிறவன், நெய்கிறவன், முதலாளி வீட்டு மருமகள், பஸ் ஸ்டாண்டில் மூட்டை சுமக்கிறவன் எல்லாம் ஒரே வெயிலில் நின்று குடிப்பார்கள். அத்தை கையால் பத்துப் பதினைந்து வருஷம் அப்படி நடந்தது. ஒருவருக்கும் ஓர் ஏப்பம்கூடத் தப்பாக வந்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். அண்டா முதலாளி வீட்டுச் சொத்து, அவர் வீட்டில்தான் இருக்கும். அந்த வருஷம் அவருடைய சாயப்பட்டறையில் வேலை அதிகம். பட்டு நூலுக்கு இயற்கையாக ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால்தான் அது போகும், பிறகுதான் சாயம் பிடிக்கும். பட்டறைப் பாத்திரம் போதவில்லை என்று கூழ் அண்டாவையே அடுப்பில் ஏற்றி மாதக்கணக்கில் நூல் வேகவைத்திருக்கிறார்கள். அம்மனுக்குக் கூழ் காய்ச்சுகிற அண்டாவில்! சோடா தின்றும், செங்கல் தூள் போட்டுத் தேய்த்தும், உள்ளே பூசியிருந்த ஈயம் போய்விட்டது. சனிக்கிழமை மதியம் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்ததும் அத்தை தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாகப் பல் இளித்தது.

"ஈயம் இல்லாத ஏனத்துல நான் காய்ச்ச மாட்டேன்" என்றார். ஈயம் பூசுகிற பாய் வேலூர்ப் பக்கம் போயிருந்தார். "ஒரு நாள் கூத்துக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? ஜல்தியா அடுப்ப மூட்டு" என்றார் முதலாளி. மாவு புளித்துவிட்டது, வேறு பெரிய பாத்திரம் தெருவில் இல்லை. கடைசியில் அத்தை புளியும் சாம்பலும் போட்டு மூன்று தடவை தேய்க்க வைத்து, காய்ச்சி, கொதியோடு கொதியாகப் பானைகளுக்கு மாற்றினார். "பானைய விட்டு இது வெளிய வரக்கூடாது. சொல்லிட்டேன்" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார். நானும் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

ஞாயிறு காலை பெண்களெல்லாம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள், அத்தையும் போனார். முதலாளி பந்தலுக்கு வந்து பார்த்தார். வரிசையாகக் கரி பிடித்த மண்பானைகள். அவருக்குக் காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அப்பா பெயர் வெட்டின அண்டா ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. "இன்னாடா இது, கஞ்சித்தொட்டி மாதிரி! எல்லாத்தையும் அண்டாவுல ஊத்து. மோரையும் ஊத்திக் கலக்கிடு" என்றார். அங்கே இருந்தது அவர் மகன், அவர் மைத்துனன், நான். "அத்தை வேணாம்னாங்களே" என்று நான் சொன்னேனா? சொன்னதாக நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானை பானையாகத் தூக்கி ஊற்றினேன். முழங்கை வரை கூழ்.

மூன்று மணி நேரம் அது அண்டாவில் நின்றது. கரகம் வருவதற்குள் சம்பந்தி வீட்டார் வந்துவிட, முதலாளி ஊற்றச் சொல்லிவிட்டார். பால்குடத்தோடு திரும்பி வந்த அத்தை பந்தலைப் பார்த்ததும் குடத்தை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தார். "எவன்டா இதுல ஊத்தினவன்? குடிக்காதீங்க, கீழ கொட்டுங்க!" என்று கத்தினார். பம்பைச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை. கேட்டவர்களிடம் முதலாளி சிரித்துக்கொண்டே, "ஆத்தாளுக்குப் படைச்சத கொட்டச் சொல்றா பாரு, நீங்க குடிங்க" என்றார். அரை மணி நேரத்தில் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. பிறகு வாசலுக்கு வாசல். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்டாவின் விளிம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்ததை நான் பார்த்தேன். அம்மன் புண்ணியம், உயிர் ஒன்றும் போகவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஜட்கா வண்டிகள் போய்ப் போய் வந்தன.

பொழுது சாயும் நேரம் கோயில் வாசலில் தெருவே கூடியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். "நான் பானையில வச்சிட்டுப் போனேன். அண்டாவுல ஊத்தினது யாருன்னு கேளுங்க" என்றார் அத்தை. "நேத்தே நீதான அண்டாவுல வுட்டுட்டுப் போன" என்றார் முதலாளி, கண் இமைக்காமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். அப்போதுதான் முன்வரிசையில் நின்ற பெரிய மனிதர் ஒருவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. அடுப்புல நிக்கறப்ப நீ சுத்தமாத்தான இருந்த?"

ஈயம் போன அண்டாவைப் பற்றி ஒருவனும் கேட்கவில்லை. சோடாவைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளைகள் வாந்தி எடுத்ததற்கு ஒரு பெண்ணின் உடம்பில் காரணம் தேடினார்கள், த்தூ! அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எனக்கு நின்னு ஆறு வருஷமாச்சு. போதுமா? ஆம்பளைங்க எல்லாம் நல்லா கேட்டுக்கினீங்களா? இன்னொரு வாட்டி சொல்லட்டுமா?" என்றார். அவருடைய வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

"யாராச்சும் பாத்தவங்க இருந்தா சொல்லுங்கப்பா" என்றார் முதலாளி. சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். மறுநாள் எனக்குப் புதுப் பாவு தருவதாகச் சொல்லியிருந்தார். அத்தையும் என்னைப் பார்த்தார். என் முகத்தையல்ல, என் கையை. முழங்கை வரை கூழ் காய்ந்து சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. கழுவிக்கொள்ளக்கூட எனக்குப் புத்தி வரவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் பெயரை அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இனி அத்தை கூழ் அடுப்பைத் தொடக்கூடாது, எல்லார் முன்னாலும் அம்மனிடம் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்த்தார்கள். "அவகிட்ட தினமும்தான் விழறேன். உங்க எதிர்ல விழ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். மறுநாள் எனக்குப் பாவு வந்தது. நல்ல அரக்கு நிறப் பாவு. உட்கார்ந்து நெய்தேன்.

என் கோபம் அதோடு தீரவில்லை. அடுத்த ஆடிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பாயை வரவழைத்து, முதலாளி வீட்டு வாசலிலேயே, பட்டப்பகலில் அண்டாவுக்கு ஈயம் பூசினார்கள். ஈயம் ஒட்டுவதற்குப் போடும் நவச்சாரத்தின் புகை தெரு முழுக்க நெடி அடித்தது. நெசவுக்கு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனுக்கும் அது எதற்கு என்று தெரியும். தும்மினார்கள், தறியை மிதித்தார்கள். அத்தை மேல் போட்ட பழியை எடுக்க ஒருவனுக்கும் நாக்கு எழவில்லை. வெளியூர்ச் சமையல்காரர் வந்து கூழ் காய்ச்சினார்.

அதே ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் வீட்டு வாசலில், சொந்த மாவில், இரண்டு மண்பானை வைத்துக் கூழ் ஊற்றினார். முதலில் வந்தது பக்கத்துத் தெருப் பிள்ளைகள். பிறகு எங்கள் தெருப் பெண்கள், முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக. அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. சொம்பு நிறைய ஊற்றினார். போன வருஷம் பழி சொன்னவள் வீட்டுச் சொம்புக்கும் ஊற்றினார். எனக்கும் தைரியம் வந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு எதிர்வாசலுக்குப் போனேன். அகப்பை பானைக்குள்ளேயே நின்றது.

"நீ இன்னும் சொல்லல இல்ல?" என்றார். குரல் ஏறவில்லை. "போய் அந்தக் கோயில் வாசல்ல நின்னு, நான்தான் ஊத்தினேன்னு சொல்லிட்டு வா. வயிறு முட்ட ஊத்தறேன்."

கோயில் வாசலுக்கு முப்பது அடிகூட இருக்காது. வெறும் சொம்போடு வீட்டுக்குத் திரும்பினேன். எண்பதுகள் முழுக்க ஒவ்வோர் ஆடிக்கும் அவர் வாசலில் பானை இருந்தது, நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். என் மனைவி போவாள், என் பிள்ளைகள் போவார்கள், குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். பிறகு முதலாளி போய்ச் சேர்ந்தார். தறியை விட்டுவிட்டு நான் கடையில் கணக்குப்பிள்ளையானேன். பயப்பட ஆளே இல்லை. அப்போதும் சொல்லவில்லை. ஒரு மாசி மாதம் அத்தையும் போய்விட்டார். சுடுகாடு வரை போனேன்.

கமிட்டிப் பிள்ளைகளே, இதை அச்சுப் போடுவதானால் முழுவதும் போடுங்கள்; பக்தி போதவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். கொடுக்கும் முன்னால் கோயில் வாசலில் நின்று ஒரு தடவை சத்தமாகப் படித்துவிட்டேன். பூக்காரம்மாவும் இரண்டு ஆட்டோக்காரர்களும் கேட்டார்கள். பிறகு அத்தை வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை. சொல்லிட்டேன் அத்தை. ஊற்றத்தான் நீங்கள் இல்லை.